பம்ப் ரூம் கன்னியம்மாவும் நாலாவது மாடித் தண்ணீரும்

நான் வேலை செய்யும் மஸ்கட்டுக்கு லீவு முடிந்து திரும்பிய அப்பாதுரை, சென்னைப் பக்கம் பம்மல்காரர். ஊரிலிருந்து அல்வா கொண்டுவந்து கொடுத்தார். கூடவே இந்தச் சேதியையும் கொடுத்தார்.

“உங்க தங்கச்சி வேல செய்ற கம்பெனில தீப்பிட்ச்சிக்கிச்சாமே சார், தெரியாதா? நாலாவது மாடில பொண்ணுங்கல்லாம் கத்திக்கினு ஓடுதுங்க. பம்ப் ரூம்ல கீற பொம்பள இன்னா பண்ணிச்சி தெரியுமா? உள்ள தாப்பா போட்டுக்கினு குந்திக்கிச்சாம். மேனேஜரே வந்து தட்டியும் தொறக்கலயாம். இன்னா நெஞ்சழுத்தம்!”

“யார் சொன்னாங்க?”

“என் மச்சான். அவனுக்கு ஷேர் ஆட்டோல யாரோ சொல்லிக்கினு வந்தாங்களாம்.”

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஊருக்கு போன் செய்கிறேன். என் தங்கை சரசு அந்த நாலாவது மாடியில்தான் வேலை செய்கிறாள். போன வாரம் மழை வரும்போல இருக்கிறது என்றாள், அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று என்றாள், தீயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாதுரையை வாசலிலேயே விட்டுவிட்டு கார்டு போனுக்கு ஓடினேன்.

“நீ பயப்படுவேன்னுதான் சொல்லல அண்ணா. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கன்னிமாக்காவுக்குத்தான்…” என்று சரசு இழுத்தாள்.

பம்ப் ரூம் கன்னியம்மா, சரசுவுக்குக் கன்னிமாக்கா, கதவைத் தாழ்ப்பாள் போட்டது உண்மைதான். ஏன் போட்டார் என்பது ஷேர் ஆட்டோவில் ஏறவில்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கன்னியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து ஒன்றில் வீடு. கணவர் சவுரிமுத்து பம்மல் தோல் ஷெட்டில் வேலை செய்து, மூச்சு வாங்க ஆரம்பித்தபின் வீட்டோடு தங்கிவிட்டவர். எண்பத்தைந்து வாக்கில் அந்த ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கு நாலு மாடிக் கட்டடம் எழும்பியபோது கன்னியம்மா அங்கே சித்தாளாக சிமெண்டு சட்டி தூக்கினார். வேலை முடிந்து மேஸ்திரியும் ஆட்களும் வேறு இடம் பார்த்துப் போனார்கள். கன்னியம்மா போகவில்லை.

அதற்குக் காரணம் சுந்தரராமன். சிட்லபாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் மெயின்டெனன்ஸ் இன்ஜினியர். தீயணைப்புக் குழாய் மண்ணுக்குள் எங்கே வளைகிறது என்று தெரியாமல் அவர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கன்னியம்மா ஓரிடத்தில் காலைத் தட்டிக் காட்டியிருக்கிறார்.

“இங்க கீது சார். நான்தான் மண்ணு போட்டு மூடுனேன்.”

தோண்டினார்கள். அங்கே இல்லை, ஓரடி தள்ளி இருந்தது. “மண்ணு நவுந்துகினு இருக்கும் சார்” என்றாராம் கன்னியம்மா, முகத்தில் எதுவும் காட்டாமல். சுந்தரராமன் சிரித்துவிட்டார். பம்ப் ரூமைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்த வேலை.

நான் முதல் முதலாக அவரைப் பார்த்தது தொண்ணூற்றொன்றில், லீவில் வந்திருந்தபோது. சனிக்கிழமை சரசுவைக் கூட்டிவரப் போயிருந்தேன். வாசலில் வாட்ச்மேன் சிட்டிபாபு, “டெஸ்ட் நடந்துகினு கீது சார், பம்ப் ரூமாண்ட போய் குந்துங்க” என்று அனுப்பிவிட்டார். உள்ளே பெரிய பம்ப் ஒன்று, சின்னப் பம்ப் ஒன்று, சுவரில் உள்வீட்டு டெலிபோன், மேஜை விசிறி. கட்டையான, கரிய, தோள் அகன்ற ஒரு பெண்மணி நீலச் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டுக்கொண்டு குழாயில் பதித்திருந்த வட்ட மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முள் ஏழில் நின்றது.

“ஏழு கிலோ” என்றார், என்னை யாரென்று கேட்காமலே. தண்ணீரின் அழுத்தத்தை அங்கே எல்லோரும் கிலோவில்தான் சொல்வார்கள்.

“நல்ல பிரஷர்தானே?” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“நீ சரசுவோட அண்ணனா? மூஞ்சி அப்டியே கீது. இத்த நம்பாத தம்பி. வாயை மூடிக்கினு கீற வரைக்கும் எல்லாரும் நல்லவன்தான். மூடிவெச்சி முள்ள பாத்தா எப்பவும் ஜோராத்தான் காட்டும். நடுவுல குப்பை அடச்சிக்கினு கெடந்தாலும் ஏழுன்னும். தொறந்து வுடு, அப்போ தெரியும் அதோட வண்டவாளம்.”

பிறகு எனக்குப் பாடம் நடந்தது. கீழே ஏழு இருந்தால் நாலாவது மாடியில் ஐந்தரைதான். முப்பதடி ஏறினால் ஒரு கிலோவை உயரம் தின்றுவிடும். மேலே குழாயைத் திறந்து தண்ணீர் பீய்ச்சும்போது இன்னும் இறங்கும். எவ்வளவு இறங்கினாலும் மூன்றரைக்குக் குறையக்கூடாது.

“மூணரைக்குக் கீழ போனா அத்த வெச்சி தீய அணைக்க முடியாது. மூஞ்சி வேணா கழுவிக்கலாம்.”

அப்போது டெலிபோன் அடித்தது. மேலே மீட்டருக்குப் பக்கத்தில் மேஜை போட்டிருந்தவள் சரசு. டெஸ்ட் நாளில் முள்ளைப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. மூன்றரைக்கு மேலேயே இருக்கிறது என்றாள் போலும்.

“ரெண்டு கண்ணாலயும் பாத்தியா, இல்ல ஒண்ண கெடியாரத்து மேல வெச்சிக்கினு பாத்தியா? உங்க அண்ணன் வந்து இங்க ஏசி இல்லாம வேத்துக்கினு குந்திகினு கீறாரு” என்று கத்தினார் கன்னியம்மா. அங்கே சரசு சிரித்தது எனக்கே கேட்டது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை போனில் அம்மாவின் முட்டிவலிக்கு அடுத்து கன்னிமாக்காவின் கதைதான்.

அதில் தகடு கதையைச் சரசு திரும்பத் திரும்பச் சொல்வாள், கன்னியம்மாவே அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்ததால். மேலே போதுமான அழுத்தம் வேண்டுமென்று பம்ப்பை ஏற்றிவைத்தால், கீழ்த்தளத்தில் அது அளவுக்கு மீறிப் போகும். குழாயைப் பிடிப்பவர் கையில் நிற்காது. அதனால் சுந்தரராமன் கீழ்த்தள வால்வுக்குள் நடுவில் ஓட்டை போட்ட வட்டத் தகடு ஒன்றைப் பொருத்தியிருந்தார். தண்ணீர் அந்த ஓட்டைக்குள் நுழைந்து வெளிவருவதற்குள் வேகம் அடங்கிவிடும்.

கன்னியம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “தண்ணி வர்ற வழிய நீயே அடைக்கிறியே சார்.” சுந்தரராமன் கணக்குப் போட்டுக் காட்டினார். “கணக்கு ஒயுங்காத்தான் கீது. தகடுதான் சரியில்ல” என்றாராம் இவர்.

சுந்தரராமன் இல்லாத ஒரு நாளில் ஸ்பானரை எடுத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, சிட்டிபாபுவைக் குழாயின் முனையைப் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் வந்த வேகத்தில் சிட்டிபாபு முதலில் பின்னால் போனார், அப்புறம் பக்கவாட்டில் போனார். குழாய் தரையில் துள்ளிச் சைக்கிள் ஸ்டாண்டை வரிசையாகச் சாய்த்தது. சேற்றில் உட்கார்ந்துகொண்டு அவர் கேட்டார்: “யக்கா, பைப்பு குட்த்தியா, பாம்பு குட்த்தியா?”

மறுநாள் சுந்தரராமன் வந்ததும், “சார், அது நல்ல தகடு சார். நானே திருப்பி மாட்டிட்டேன்” என்று கன்னியம்மாவே போய்ச் சொன்னார். எதற்குக் கழற்றினாய் என்று அவர் கேட்கவில்லை. சைக்கிள்களைப் பார்த்திருப்பார்.

இதில் எனக்குப் பிடித்தது, தப்பை மூடி மறைக்கவும் இல்லை, அதற்காகக் கூனிக் குறுகவும் இல்லை. அடுத்த தடவை எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். நானெல்லாம் சின்னத் தப்பு செய்தால் ஒரு வாரம் சாப்பிட மாட்டேன்.

தொண்ணூற்று மூன்றில் செய்த தப்பு வேறு மாதிரி. அந்த வருஷத் தண்ணீர்ப் பஞ்சத்தை அந்தப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாரி வரும் என்று விடியற்காலையிலிருந்து தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். கம்பெனியில், வாராவாரம் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பது அநியாயம் என்று பேச்சு வந்தது. நிறுத்தச் சொன்னார்கள்.

கன்னியம்மா நிறுத்தவில்லை, தண்ணீரை வீணாக்கவும் இல்லை. நாலாவது மாடியில் திறக்கும் குழாயை ஜன்னல் வழியாகக் கீழே தொங்கவிட்டு முற்றத்தில் பெரிய டிரம்களில் இறக்கினார். ஷிப்ட் முடிந்த பெண்கள் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை டெஸ்ட் என்றால் திருவிழா மாதிரி. பஸ்ஸில் குடத்துக்கு இடம் கேட்டுக் கண்டக்டரோடு சண்டை வேறு.

அப்படி ஒரு சனிக்கிழமை டிரம் நிரம்பித் தண்ணீர் மண்ணில் வழிய ஆரம்பித்தது. அந்த வருஷத்தில் வழிந்து ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு யாரால் நிற்க முடியும்? பெண்கள் எல்லோரும் ஒரே குரலாகக் கத்தினார்கள். “யக்கா, நிறுத்து! வீணாப் போவுது, நிறுத்து!” கன்னியம்மா பம்ப்பை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அதே நேரத்தில் மேலே அயர்ன் டேபிள் துணி பற்றிக்கொண்டது. ஜன்னலில் தொங்கிய குழாயைச் சரசுவும் அயர்ன் மாஸ்டர் சின்னப்பனும் உள்ளே இழுத்துத் தீப் பக்கம் திருப்பினார்கள். திருப்பிய கையிலேயே தண்ணீர் செத்துப்போனது. சின்னப்பன் ஈரச் சாக்கைப் போட்டு அடித்து அணைத்தார். கை வெந்துவிட்டது. “அக்கா, தண்ணி எங்க?” என்று சரசு போனில் அழுதபோதுதான் கீழே விஷயமே தெரிந்தது.

கன்னியம்மா மாடி ஏறிப் போய் சின்னப்பனின் கையைப் பார்த்தார். இறங்கி வந்து சுந்தரராமனிடம் சொன்னார்:

“சார், இனிமே கீழ கீறவன் எவன் சொன்னாலும் நிறுத்தமாட்டேன். மேல பைப்ப புட்சிக்கினு கீறாங்களே, அவங்க போன் பண்ணி சொல்லணும். எல்லாருக்கும் சொல்லிடு சார். உனுக்கும் சேத்துதான்.”

சுந்தரராமன் அப்படியே எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். கரண்டு போனாலும் பேசும்படி அந்த டெலிபோனுக்கு பேட்டரி வைத்தார். கட்டடத்துக்கே மின்சாரத்தை நிறுத்தினாலும் ஓடும்படி பம்ப்புக்குத் தனி லைன் இழுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு வருஷத்தில் அவர் வேறு வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் போய்விட்டார். தலையாட்டியவர்களில் பாதிப்பேர் மறந்துவிட்டார்கள். கன்னியம்மா மறக்கவில்லை.

இந்த வருஷம் தீப்பிடித்தது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. நாலாவது மாடியில் துணிச் சுருள்கள் அடுக்கிய மூலையில் புகை கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜுவாலையானது. பெண்கள் ஒழுங்காகத்தான் இறங்கினார்கள். கத்திக்கொண்டு ஓடினார்கள் என்பது ஆட்டோவில் சேர்த்தது. சரசுவும் சின்னப்பனும் மட்டும் குழாயோடு நின்றார்கள். திறந்ததும் தண்ணீர் வந்தது. “முள்ளப் பாக்க நேரமில்ல அண்ணா. ஆனா கையிலயே தெரிஞ்சுது, மூணரைக்கு மேலன்னு” என்றாள்.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குக் கொஞ்ச நேரத்தில் புகை குறைந்தது. ஆனால் துணிச் சுருள் மேலே நனைந்து கிடந்தாலும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டியிருந்தது. இதற்குள் தண்ணீர் படிக்கட்டு வழியாக மூன்றாவது மாடிக்கு இறங்கிவிட்டது. அங்கேதான் கப்பலுக்குப் போக வேண்டிய சட்டைகள் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தன.

ராஜாராமன் ஓடி வந்தார். அவர் புரொடக்‌ஷன் மேனேஜர். கெட்ட மனிதர் இல்லை. அந்தச் சரக்குக்காக எல்லோரையும்போல அவரும் மாதக்கணக்கில் உழைத்திருந்தார். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தவருக்குத் தீ அணைந்துவிட்டதாகத்தான் பட்டது. பம்ப்பை நிறுத்திவிட்டு வா என்று சிட்டிபாபுவை அனுப்பினார். சிட்டிபாபு உள்ளே கால் வைப்பதற்குள் கன்னியம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். எட்டிக் கை நீட்டினால் சிவப்புப் பொத்தான். கதவு திறந்திருந்தால் யார் வேண்டுமானாலும் அழுத்திவிடலாம்.

ராஜாராமனே வந்து தட்டினார். “கன்னியம்மா, தீ அணைஞ்சாச்சு. பம்ப்ப நிறுத்து.”

“மேல இருந்து சொல்லச் சொல்லு சார்.”

“மேனேஜர் நான் சொல்றேன்!”

“நீ கீழ கீற சார்.”

“சரக்கு பூரா நனையுது, தெரியுதா உனக்கு?”

“இங்க முள்ளு எறங்கியே நிக்குது சார். மேல பைப்ப மூடியிருந்தா ஏறியிருக்கும். புள்ளைங்க இன்னும் அட்சிக்கினு கீதுங்க.”

“சிட்டிபாபு, கதவ ஒடைடா!”

“ஒடை, சிட்டிபாபு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஒடச்சிக்கினு வா. பொத்தான மறச்சிக்கினு நான்தான் நின்னுக்கினு கீறேன். என்னையும் ஒடச்சிட்டு அத்த அழுத்து.”

சிட்டிபாபு உடைக்கவில்லை. தோளால் இரண்டு தடவை இடிப்பதுபோலத் தட்டிவிட்டு, “ரொம்ப கெட்டிக் கதவு சார்” என்றாராம்.

அந்த நேரத்தில்தான் உள்ளே டெலிபோன் அடித்தது. வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது. கன்னியம்மா எடுத்து என்னவோ பேசினார், வைத்துவிட்டார். பம்ப் நிற்கவில்லை. வெகு நேரம் கழித்து, தீயணைப்பு வண்டி வந்து ஆட்கள் மேலே ஏறி எல்லாம் பார்த்த பிறகு, டெலிபோன் மறுபடி அடித்தது. அப்போதுதான் பம்ப் நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தவர் யாரையும் பார்க்காமல், “சின்னப்பன் கை நல்லா கீதா?” என்றுதான் கேட்டாராம்.

கட்டடம் நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. சரக்கு போயிற்று.

இப்போது விசாரணை. கேள்வி ஒன்றே ஒன்றுதான். முதல் தடவை டெலிபோன் அடித்தபோது மேலேயிருந்து என்ன சொன்னார்கள்? ‘போதும், நிறுத்து’ என்று சொல்லியும் கன்னியம்மா திமிரில் நிறுத்தவில்லை என்று ராஜாராமன் நம்புகிறார். அப்படித்தான் என்று ஆகிவிட்டால், தான் சுமந்த சிமெண்டில் எழும்பிய அந்தக் கட்டடத்துக்குள் கன்னியம்மா இனி நுழைய முடியாது. சின்னப்பன் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். போனில் பேசியது அவர் காதில் விழவில்லை. பேசியவள் சரசு.

“நீ என்ன சொன்ன?” என்று அன்று போனில் கேட்டேன்.

“‘கீழ யாரோ நிறுத்தச் சொல்றாங்க போல இருக்கு, நிறுத்திடாதீங்கக்கா, உள்ள இன்னும் எரியுது’ன்னு சொன்னேன். ஜன்னல் வழியா அவங்க சத்தம் கேட்டுது. அதுக்குத்தான் போனே பண்ணினேன்.”

“அதைச் சொல்லிட வேண்டியதுதானே?”

சிக்கல் அங்கேதான். அடுத்த மாதம் அவளை மாடிக்கே சூப்பர்வைசர் ஆக்குவதாகப் பேச்சு. முடிவு செய்ய வேண்டியவர் ராஜாராமன். அவர் அவளைக் கூப்பிட்டு, அதட்டாமல், “அந்தக் கலவரத்துல என்ன பேசினோம்னு ஞாபகம் இருக்காது. நல்லா யோசிச்சு சொல்லும்மா” என்றிருக்கிறார். அந்த மென்மைதான் அவளைப் பயமுறுத்துகிறது. எனக்கும்தான். அப்பா தவறிய பிறகு அந்த வீட்டில் பிடிமானம் என்று இருப்பது அவள் வேலை. எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு நான் தைரியம் சொல்வது சுலபம். ஆனாலும் சொன்னேன். “நடந்ததைச் சொல்லிடு சரசு.”

“கன்னிமாக்கா வீட்டுக்கு வந்திருந்தாங்க அண்ணா.”

“என்ன சொன்னாங்க?”

அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மாடம்பாக்கம் வந்து, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கன்னியம்மா சொன்னாராம்: “எனுக்காக ஒண்ணும் சொல்லாத சரசு. உன் வேலையையும் பாத்துக்கோ. ஆனா நீ நிறுத்தச் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. அப்பால அந்த போனு அட்ச்சா, எத்த நம்பறதுன்னு அங்க குந்தப்போற ஆளுக்கே தெரியாம பூடும்.”

தனக்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரோ உட்காருவார்கள் என்பதை அவர் முடிவு செய்துவிட்டார்போல. அந்த முகம் தெரியாத ஆளுக்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த எந்தப் பெரிய கட்டடத்திலும், எந்தப் பளபளப்பான மீட்டருக்குப் பின்னாலும், இப்படி ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறாரா என்று இப்போதெல்லாம் தேடுகிறேன்.

விசாரணை இன்று. இங்கே ஆபீஸ் விட இன்னும் நேரம் இருக்கிறது. அங்கே ஷிப்ட் முடிந்து சரசு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் போன் இல்லை. பக்கத்து வீட்டுத் தட்சிணாமூர்த்தி சாருடைய நம்பர்தான் எங்களுக்கும். அவர் மனைவி பொன்னியம்மாள் அடித்த உடனே எடுத்து, “இரு தம்பி, கூப்பிடறேன்” என்று ரிசீவரை மேஜையில் வைத்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம்கூட இங்கே கேட்கும்.

சரசு என்ன சொன்னாள் என்று கேட்க மூன்றாவது தடவையாகப் போட்டிருக்கிறேன். லைன் கிடைத்துவிட்டது. மாடம்பாக்கத்தில் மணி அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது. யாரும் இன்னும் எடுக்கவில்லை.